கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே

பழைய கார்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் காரின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். நடுவர்கள் அவசரப்படுவதில்லை. பத்தடி தள்ளி நின்று முதலில் காரின் பக்கவாட்டைப் பார்ப்பார்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இறங்குகிறதா, பானெட்டின் விளிம்பும் கதவின் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று கண்ணாலேயே அளப்பார்கள். அதன் பிறகு குனிவார்கள். டார்ச் அடித்து மட்கார்டின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஒயரின் முனையில் என்ன மாட்டியிருக்கிறது, போல்ட்டின் தலையில் என்ன குறி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெயிண்டின் பளபளப்புக்கு அவர்கள் தரும் நேரம் மிகக் குறைவு.

பழைய காரைப் போட்டிக்குத் தயார் செய்வது என்றால் புதிதுபோல ஆக்குவது என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். என் சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டோடு மாதக்கணக்கில் கிடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பாதி நாள் ஸ்பேனர் பிடிக்கிறோம், மீதி நாள் துப்பறிகிறோம்.

ஹெரால்டு நம் சென்னைக் கார். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரையும் வண்டலூரையும் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது தெரியும்? இன்று அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஐ.டி. அலுவலகங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்தியாவில் கார் வாங்க வேண்டுமென்றால் மூன்றே வழிதான். கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், மெட்ராஸிலிருந்து ஸ்டாண்டர்ட். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார், 1961-இல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. வடிவமைத்தவர் இத்தாலியின் டியூரின் நகரத்துக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. என்ஜின் 948 சி.சி. முதலில் இரண்டு கதவு வண்டி. பிறகு நம் ஊர்க் குடும்பங்களுக்காக நான்கு கதவு ஹெரால்டையும், பின்பக்கம் நீண்ட கம்பேனியன் என்ற வண்டியையும் மெட்ராஸ்காரர்களே உருவாக்கினார்கள். அந்த இரண்டும் இங்கிலாந்தில்கூடக் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்று கஸல் வந்தது. எண்பதுகளோடு எல்லாமே முடிந்தது. நம் ஊரில் வேலை தெரிந்தவர்கள் கையால் உருவான ஒரு காருக்கு இன்று போதிய மரியாதை இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சித்தப்பாவிடம் இருப்பது அறுபதுகளின் நடுவில் வந்த இரண்டு கதவு வண்டி. என் தாத்தா ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் பலவற்றில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருக்கிறது. பிறகு பல ஆண்டுகள் குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில், மேலே தென்னை ஓலையும் பழைய பாய்களும் கிடக்க, கற்களின் மேல் நின்றது. சித்தப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர். ரயில் பெட்டி செய்யும் இடத்தில் இருந்தவருக்கு இரும்பைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கூப்பிட்டார்.

"ஏம்மா, வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம்னு இருக்கேன். எனக்குக் கை வேலை தெரியும். எழுத்து வேலை, போட்டோ வேலை எல்லாம் நீ பாத்துக்கறியா?"

அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். ஒரு நோட்டும் கைப்பேசியும்தான் என் கருவிகள். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் கழற்றும் முன் நான்கு கோணத்தில் படம். கழற்றிய பின் அதன் திருகுகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் எழுத்து. இந்த ஒழுங்கு இல்லாமல் பழைய காரைப் பிரிப்பவர்கள், பிறகு அதைத் திரும்பச் சேர்ப்பதே இல்லை. புதுப்பேட்டையின் கடைகளில் தொங்கும் பாகங்களில் பாதி, யாரோ ஆசையாகப் பிரித்துப் பிறகு கைவிட்ட வண்டிகளுடையவைதான் என்று எனக்குத் தோன்றும்.

முதல் கேள்வி நிறம். எங்களுக்குத் தெரிந்த வரை வண்டி சந்தன நிறம். ஆனால் அது தொண்ணூறுகளில் ஒரு பட்டறையில் அடித்த நிறம். தாத்தா காலத்துப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அத்தை பச்சை என்றார், அப்பா நீலம் என்றார். நினைவை நம்பி நிறம் தேர்ந்தெடுக்க முடியாது. டிக்கியின் கீல் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, சித்தப்பா ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தண்ணீர் விட்டு எமரித் தாளால் வட்டமாகத் தேய்த்தார். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்க்க வேண்டும். அப்போது வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்கள்போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். வெளியே சந்தனம், அதற்குள் சாம்பல் நிற பிரைமர், அதற்குள் பட்டி, அதற்கும் உள்ளே ஒரு வெளிர் நீலம், அதன் அடியில் செம்மண் நிறத்தில் பழைய பிரைமர், கடைசியாக இரும்பு. அப்பா சொன்னது சரி.

ஆனாலும் எந்த நீலம்? கதவின் உள்பலகையைக் கழற்றினோம். வெயில் ஒரு நாளும் படாத இடம். அங்கே நீலம் அப்படியே இருந்தது, டிக்கி ஓரத்தில் கண்டதைவிட ஒரு சாயல் அழுத்தமாக. அந்த இடத்தை வைத்துத்தான் கலவை பிடித்தார் பெயிண்டர். காலையில் மர நிழலில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, டியூப் லைட்டின் கீழ் ஒரு முறை என்று அட்டையில் அடித்து அடித்துப் பார்த்தார். மூன்று வெளிச்சத்திலும் ஒன்றாகத் தெரிந்தால்தான் அது அதே நிறம்.

இன்றைக்குப் பட்டறைகளில் அடிப்பது பி.யூ. பெயிண்ட். ஒரே பூச்சில் கண்ணாடிபோல மின்னும், ஈரம் காயாதது போலவே இருக்கும். அறுபதுகளின் கார்களில் இருந்தது என்.சி. பெயிண்ட், நம் ஆட்கள் டியூகோ என்று சொல்வது. மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்து, காய்ந்த பின் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுக் கையால் மெருகேற்ற வேண்டும். அதன் மினுமினுப்பு அடங்கியது. பார்த்த உடனே வித்தியாசம் தெரியும். "பி.யூ. அடிச்சா ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேன் சார்" என்றார் பெயிண்டர். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "ரெண்டு மாசம் ஆனாலும் டியூகோதான்" என்றார். அந்த மனிதர் இளவயதில் டியூகோவில் பழகியவர். மறந்துபோன கை மீண்டும் வேலைக்கு வந்ததில் அவருக்கே ஒரு மகிழ்ச்சி இருந்ததைப் பார்த்தேன்.

பெயிண்டுக்கு முன்னால் முடிய வேண்டியது இடைவெளி. ஹெரால்டை அறிந்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். மற்றக் கார்கள் பலவற்றில் உடல் முழுவதும் ஒரே கூடாக வெல்டிங் செய்து வரும். ஹெரால்டின் உடல் பல துண்டுகள். தனியான ஒரு சேஸிஸின் மேல் அவற்றை போல்ட் போட்டு இறுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கார்களைச் செய்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, ஐம்பதுகளில் போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லை. ஆகவே சிறு சிறு பகுதிகளாக வெவ்வேறு இடங்களில் செய்து சேர்க்கக்கூடிய ஒரு காரை வரைந்தார்கள். கடல் கடந்து அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது. நம் மெட்ராஸில் ஹெரால்டு பிறக்க முடிந்ததற்கு அந்த வடிவமும் துணை. ஆனால் துண்டுகளைச் சேர்க்கும்போது ஒன்று சற்று நகர்ந்தால் அடுத்தது நகரும். கதவு பொருந்தினால் பானெட் பொருந்தாது. பானெட்டைச் சரிசெய்தால் கதவு கீழே இடிக்கும்.

அந்த பானெட்டும் சாதாரண பானெட் இல்லை. மட்கார்டு, முகப்பு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த ஒரே பெரிய மூடி. இருபக்கக் கொக்கிகளையும் விடுவித்தால் முன்பக்கக் கீலில் முழுதாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரம், ஸ்டியரிங், என்ஜின் எல்லாம் திறந்து கிடக்கும். மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இருபத்தைந்தே அடி வட்டத்தில் முழுதாகத் திரும்பும் வண்டி என்பதால் சக்கரங்கள் எவ்வளவு ஒடிகின்றன என்பதையும் அப்போதுதான் பார்க்க முடியும். அழகான ஏற்பாடு. மூடும்போதுதான் சோதனை.

இங்கே எங்களுக்குக் கை கொடுத்தவர் தாம்பரத்தில் இருக்கும் ஒரு பெரியவர். ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் பாடி பூட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பேரன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். வண்டியைச் சுற்றி ஒரு முறை மெல்ல நடந்தார். கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"தம்பி, வண்டியக் கல்லு மேல வச்சு கதவ மாட்டினீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"இறக்குங்க. நாலு சக்கரமும் தரையில நிக்கணும். சீட்டும் பேட்டரியும் உள்ள இருக்கணும். எடை ஏறினாத்தான் சேஸிஸ் தன் இடத்துக்கு வரும். அப்புறம் கதவு, அப்புறம் பானெட்டு. பானெட்டுக்கு ஏத்தாப்பல கதவ நகத்தக் கூடாது."

அந்த வரிசையை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். முதலில் பாடியின் பின்பகுதி சேஸிஸில் சரியாக உட்கார வேண்டும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் அட்டைகள் நசுங்கிப் போயிருந்தால் எல்லாம் தாழும். எங்கள் வண்டியில் கடற்காற்றும் ஷெட்டின் ஈரமும் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளைத் தின்றிருந்தன. அவற்றை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் மடித்து வெல்டிங் செய்தார் சித்தப்பா. பிறகு ரப்பருக்கு மேல் ஒரு தகட்டு ஷிம் வைப்பதும் எடுப்பதுமாக நாட்கள் போயின. பெரியவர் ஒட்டுப்பலகையில் ஒரு சிறு துண்டு செதுக்கிக் கொடுத்தார். அதுதான் அளவுகோல். இடைவெளி எங்கும் அந்தத் துண்டு நுழைய வேண்டும், ஆடக் கூடாது. தொழிற்சாலையில் தாங்களும் இப்படித்தான் பார்த்தோம் என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். "ரொம்ப இழைக்காதீங்க. நாங்க அனுப்பின வண்டியிலேயே ஒரு நூல் முன்னப் பின்ன இருக்கும்." அப்படி இழைப்பதைத்தான் கண்காட்சி உலகில் அளவுக்கு மீறிய சீரமைப்பு என்கிறார்கள். தொழிற்சாலை செய்ததைவிட மேலாகச் செய்வதும் பொய்தான். கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற போட்டியிலேயே, சீரமைக்காமல் காப்பாற்றப்பட்ட கார்களுக்கு இன்று தனிப் பிரிவு இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா வெளியிட்ட டியூரின் சாசனமும், இருப்பதைக் காப்பதே முதல் கடமை என்கிறது. மிக்கெலோட்டியின் ஊரிலிருந்து வந்த அந்தக் கருத்தை, தாம்பரத்துப் பெரியவர் தன் அனுபவத்திலிருந்தே சொன்னார்.

போல்ட்டுகளைப் பற்றி எழுதினால் படிப்பவர்களுக்குச் சலிக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நேர்மை அங்கேதான் தெரிகிறது. ஹெரால்டில் உள்ளவை அங்குலக் கணக்கு, யூ.என்.எஃப். மரை. 7/16 ஸ்பேனரும் அரை அங்குல ஸ்பேனரும் இருந்தால் வண்டியில் பெரும்பகுதியைப் பிரித்துவிடலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தெந்த மெக்கானிக்கோ கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டுகளை முடுக்கியிருந்தார்கள். சில இடங்களில் மரையே நசிந்திருந்தது. அரை அங்குலத் தலைக்குப் பதிமூன்று ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும் என்பதால் அதையே போட்டுப் போட்டு முனைகள் உருண்டிருந்தன. பாரிமுனைச் சந்துகளில் ஒரு கடைக்காரர் பழைய சரக்கிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக யூ.என்.எஃப். போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். இப்போது இவற்றைக் கேட்டு வருபவர்களே இல்லை என்று சொல்லி எடைக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். சித்தப்பா ஒவ்வொன்றையும் சீமெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்தார்.

ஒயரிங் என் பொறுப்புக்கு வந்தது. லூகாஸ் நிறக் கணக்கு ஒரு மொழி மாதிரி, ஒரு முறை பிடிபட்டால் விளக்கம் தேவைப்படாது. பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் ஃப்யூஸ் வழியாக வைப்பருக்கும் இண்டிகேட்டருக்கும் போவது. நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு இருந்தால் ஹை பீம், சிவப்புக் கோடு இருந்தால் டிம். சிவப்பு பின்விளக்கு. கறுப்பு எர்த். அறுபதுகளின் தொடக்கத்தில் பாடி என்ற இடத்தில் லூகாஸ் டி.வி.எஸ். வந்த பிறகு காரின் மின்கருவிகள் சென்னையிலேயே உருவாயின. எங்கள் டைனமோவை அதில் பழகிய ஒரு எலக்ட்ரீஷியன் பிரித்து, கார்பன் பிரஷ் மாற்றி, கம்யூட்டேட்டரை லேத்தில் மெல்லியதாகச் சீவிக் கொடுத்தார். "ஆல்டர்னேட்டர் போட்டுடுங்க, தொல்லை இல்ல" என்று வேறு சிலர் சொன்னார்கள். ஓட்டுவதற்கு அது நல்ல யோசனைதான். நடுவர் முன்னால் நிற்பதற்கு டைனமோதான் வேண்டும். ஒயர் முனைகளில் இருந்த பிளாஸ்டிக் லக்குகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பழைய முறையில் புல்லட் கனெக்டர்களைப் பற்றவைத்தேன். துணி சுற்றிய பழைய ஒயர்க் கற்றையில் நன்றாக இருந்த பகுதியை மாற்றவில்லை.

முன்சக்கரத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, ஹெரால்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் உரக்கச் சொல்ல வேண்டியது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரை வெட்டிய ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகித் திரும்புகிறது. அதன் பெயர் ட்ரனியன். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாது, இறுகிக் கட்டியாகி வழியை அடைக்கும், உள்ளே ஈரம் தங்கும், தண்டு துருப்பிடித்து ஒரு நாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியின் ட்ரனியனைப் பிரித்தபோது மஞ்சளாக இறுகிய கிரீஸ்தான் வந்தது. தண்டைக் கழுவி மரையை லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் சித்தப்பா நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

பம்பருக்கு செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று பூச்சு. அது நன்றாக வந்தது. டிக்கியின் மேல் இருக்கும் பெயர் எழுத்துகள் மசாக் வார்ப்பு, இரும்பைப்போலத் தாங்காது. அவற்றை வாங்கிய பிளேட்டிங் கடை ஆழமாகப் பாலிஷ் போட்டு, எழுத்துகளின் விளிம்பையே மழித்து அனுப்பியது. வேறு ஒரு செட்டுக்குப் புதுப்பேட்டை முழுவதும் தேடினோம், கிடைக்கவில்லை.

உள்ளே சீட்டுகள் பற்றி எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. முன்சீட்டின் ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. அதை மாற்றியே ஆக வேண்டும். பழைய தையல் வரிகளை எண்ணி, அதே அகலத்தில் டெய்லர் தைத்தார். பின்சீட்டு ரெக்சின் மங்கியிருந்தது, ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது, ஆனால் கிழியவில்லை. முன்சீட்டோடு பொருந்தப் பின்சீட்டையும் புதிதாகத் தைத்துவிடலாம் என்றார் டெய்லர். நான் வேண்டாம் என்றேன். தொழிற்சாலையில் வைத்த ரெக்சின் அந்தக் காரிலேயே அது ஒன்றுதான். அது போனால், அடுத்து யாராவது ஹெரால்டு சீரமைக்கும்போது பார்த்துச் செய்ய மாதிரி எங்கே இருக்கும்? சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிம்மா, விட்ட தையலை மட்டும் பிடிக்கச் சொல்லு" என்றார்.

காகிதங்கள். தாத்தாவின் ஆர்.சி. புத்தகம், எம் என்ற எழுத்தில் தொடங்கும் மெட்ராஸ் மாநிலப் பழைய எண்ணோடு, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கூடவே டயர் வாங்கிய ரசீது ஒன்றும் இன்ஷூரன்ஸ் தாள்களும். 2021-இல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத, சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாறுதல் இல்லாத வண்டிகளை அவற்றின் கீழ்ப் பதியலாம். புதிதாகப் பதிந்தால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவு உள்ளவர்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த விதியிலும் மூலவடிவம் என்பதுதான் அடிப்படை. அதை நிரூபிப்பது பளபளப்பு இல்லை, காகிதம். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக அந்த எண்ணைக் கையால் எழுதித் தர ஒரு ஓவியரைத் தேடிப் பிடித்தோம்.

டயர்தான் கடைசி விவாதம். அந்தக் காலத்து அமைப்பில் கிராஸ்-பிளை டயர் போட வேண்டும். நடுவர் பார்ப்பார் என்பதும் தெரியும். ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. வண்டி கண்காட்சிக்கு லாரியில் போகக் கூடாது, தன் சக்கரத்தில் போக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையின் இன்றைய வேகத்தில், பேருந்துக்கும் கண்டெய்னருக்கும் நடுவில், சடன் பிரேக் அடித்தால் நிற்க வேண்டும். ரேடியல் போட்டார். மதிப்பெண் போகும் என்று சொன்னேன். "போகட்டும்மா. ஓடாத வண்டிக்கு மார்க்கு எதுக்கு?" என்றார். அந்த முடிவை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கிளம்பினோம். மைதானத்தில் இறங்கியதும் வேஸ்ட் துணியால் சக்கரத்தின் உள்பக்கத்தைத் துடைத்தோம், பானெட்டைத் திறந்து வந்த வழியின் தூசியை எடுத்தோம். டயருக்குப் பாலிஷ் போட வந்த பையனைச் சித்தப்பா அன்பாகத் திருப்பி அனுப்பினார். நடுவர்கள் எங்களிடம் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஹார்ன், வைப்பர், நான்கு மூலை விளக்குகள், இண்டிகேட்டர், டேஷ்போர்டு விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார்கள். பெரியவரின் ஒட்டுப்பலகை நுழைந்த அதே இடைவெளியில் ஒருவர் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். திறந்த பானெட்டின் பக்கம் குனிந்து, "ட்ரனியனுக்கு என்ன விடறீங்க?" என்று கேட்டார். "90 ஆயில்" என்று சித்தப்பாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பின்சீட்டில் கை வைத்துப் பார்த்த இன்னொருவர், "இது ஒரிஜினல்தானே? தொடாம விட்டீங்களே, ரொம்ப நல்லது" என்றார். நான் எடுத்து வைத்திருந்த படங்களின் கோப்பை எல்லோரையும்விட அதிக நேரம் புரட்டியவரும் அவர்தான்.

எங்கள் பிரிவில் முதல் பரிசு ஒரு ஃபியட்டுக்குப் போனது. முதல் உரிமையாளரின் குடும்பத்திலேயே இருந்து, பெயிண்ட் உட்படப் பெரும்பகுதி தொடப்படாத வண்டி. பார்த்தவுடனே எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஹெரால்டுக்கு இரண்டாம் இடம். குறைந்த மதிப்பெண்கள் டயருக்கும் டிக்கியின் எழுத்துகளுக்கும். இரண்டும் நியாயம். தாம்பரத்துப் பெரியவருக்குச் சித்தப்பா போன் செய்து சொன்னபோது அவர் பரிசைப் பற்றிக் கேட்கவே இல்லை. இடைவெளியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்டார். அதில் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை.

தொழிற்சாலை போய்விட்டது. அதில் வேலை பார்த்தவர்களும் வயதாகி ஒவ்வொருவராகப் போகிறார்கள். மெட்ராஸில் ஒரு கார் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு இனி மிஞ்சப்போகும் சாட்சி அந்தக் கார்களேதான். ஆகவே வீட்டு ஷெட்டில் ஒரு பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பட்டறைக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துவிடுங்கள். கழற்றியது எவ்வளவு மட்டமாக இருந்தாலும் புதியது பொருந்தும்வரை வீசாதீர்கள். அந்தக் காலத்து மெக்கானிக்கோ தொழிலாளியோ உங்கள் தெருவில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.